பனிமயதாசன் என்னும் சந்திரபாபு



பூநகரிப் பகுதியிலுள்ள ஜெயபுரத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவர் நமக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார். வானொலியிலும் திருவிழா ஒலிபெருக்கிகளிலும் இன்றும் ஒலிக்கும் பழைய பகிடிப் பாட்டுக்களைப் பாடிய நடிகர் சந்திரபாபு கத்தோலிக்கர் என்று சொல்லுகிறார்களே, அது உண்மைதானா என்பது முதற் கேள்வி. உண்மையானால், தற்கொலைக்கு முயன்றவர், குடியால் அழிந்தவர் என்றெல்லாம் பேசப்படும் ஒருவரைப்பற்றி நம் பிள்ளைகளுக்கு என்னவென்று சொல்லுவது என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு ஆம் என்ற ஒரு சொல் போதும். இரண்டாவதற்கு அப்படி ஒரு சொல்லில் விடை தர முடியாது. அந்த மனிதருடைய வாழ்வை ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும். ஆகவே இவ்வாரம் இப்பக்கத்தை அவருக்கே ஒதுக்குகிறோம். சினிமாக்காரர் ஒருவருக்கு இத்தனை இடமா என்று முகஞ்சுளிப்போர், தயவுசெய்து இறுதிவரை வாசித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

சந்திரபாபு 1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பனிமய அன்னையின் திருநாளை ஒட்டித் தூத்துக்குடியில் பிறந்தார். தூத்துக்குடிக்கும் பனிமய அன்னைக்கும் உள்ள உறவை நம் மன்னார்க் கரையோர மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஓகஸ்ட் 5ஆம் திகதி வந்தால், கடலுக்கு அப்பாலுள்ள அந்நகரத்தின் பரதவ குலத்தவர் எங்கிருந்தாலும் அன்னையின் ஆலயத்துக்கு ஓடிவருவார்கள். 1982ஆம் ஆண்டு பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட ஆலயம் அது. அந்தக் குலத்திலே, அந்த ஆலயத்தின் நிழலிலே பிறந்த பிள்ளைக்கு ஜோசப் என்று பெயரிட்டார்கள். சிறு வயதில் கடுங்காய்ச்சல் கண்டு பிள்ளை பிழைப்பானோ என்று ஏங்கிய பெற்றார், பிழைத்ததும் அதை விண்ணகத்தின் கொடையாகவே கருதினார்கள். அவருடைய பெயரோடு சேர்ந்துவிட்ட பிச்சை, பனிமயதாசன் என்ற இரு பெயர்களுக்கும் இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. நேர்ந்து பெற்ற பிள்ளைக்கும், நோயிலிருந்து மீண்ட பிள்ளைக்கும் மடு அன்னையின் பெயரைச் சேர்த்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டல்லவா? அதுபோலத்தான் இதுவும். சந்திரபாபு என்பது பின்னாளில் தமது குலப் பெயரான சந்திர குலத்தை நினைந்து அவர் தாமே சூடிக்கொண்டது.

தந்தையார் ஜே. பி. ரொட்ரிகஸ் வசதி படைத்தவர். அத்துடன் தீவிரமான தேசாபிமானி. 'சுதந்திர வீரன்' என்ற பெயரில் பத்திரிகை நடத்தி, சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பிரித்தானிய அரசு அவருடைய சொத்துக்களைப் பறித்தது. சிறையிலிருந்து வெளிவந்தபின் தாய்நாட்டில் இருக்க இடமில்லாமல் குடும்பத்தோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தார். இப்படியாக, ஓடித் திரியும் வயதில் அந்தப் பிள்ளை நம் நாட்டுக்கு வந்து, ஏறக்குறைய பதினாறு வயதுவரை இங்கேயே வளர்ந்தது. சொந்த ஊரில் வீடுவாசல் இருந்தும் இன்னோர் ஊரில் வாடகைக் கூரையின் கீழ்ப் பிள்ளைகளை வளர்ப்பது எப்படியென்பது வன்னியில் வாழும் நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதல்ல.

இந்தக் கொழும்பு வாசத்தைச் சென்னைப் பத்திரிகைகள் இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். நமக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. ஏனெனில் சந்திரபாபுவின் குரல் உருவானது இங்கேதான். 1930களின் கொழும்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். உலகக் கப்பல்களெல்லாம் வந்துபோகும் துறைமுகம். 1925இலேயே வானொலி ஒலிபரப்புத் தொடங்கிவிட்ட நகரம். ஆங்கிலப் படங்கள் ஓடும் படமாளிகைகள், பறங்கியர் வீடுகளில் கித்தாரும் வயலினும், கலியாண வீடுகளில் போர்த்துக்கீசர் காலத்திலிருந்து இறங்கி வந்த கபிரிஞ்ஞாத் தாளம், அதன் வழிவந்த பைலா, ஆலயங்களில் இலத்தீன் பாடற்குழு, தமிழர் வீடுகளில் கிராமபோன் இசைத்தட்டு. இவையெல்லாம் ஒரு சிறுவனின் காதில் ஒரேநேரத்தில் விழுந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் வளர்ந்திருந்தால் அவன் பாகவதர் பாணியில் பாடப் பழகியிருப்பான். கொழும்பில் வளர்ந்ததால் அமெரிக்கப் பாடகர்களைப்போல ஒலிவாங்கிக்கு நெருங்கி நின்று, கதைப்பதுபோலப் பாடக் கற்றுக்கொண்டான்.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டான். அல்ப்ஸ் மலைகளில் மாடு மேய்ப்போர் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கூவி அழைக்கும்போது, நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரலைத் திடீரென முறித்துத் தலைக் குரலுக்குத் தாவவிடுவார்கள். மறுகணமே கீழே இறங்குவார்கள். இதை யோடலிங் என்பர். அமெரிக்க மாட்டிடையர் பாட்டுக்களில் அது புகுந்து, இசைத்தட்டு வழியாக உலகமெங்கும் பரவியது. கர்நாடக இசையில் தேர்ந்தவருக்கு அந்த முறிவு குரல் பிசகியதுபோலத் தோன்றும். தமிழ்த் திரையில் முதன்முதலாக அதைக் கேட்கச் செய்தவர் சந்திரபாபு.

1943இல் தந்தையாருக்குச் சென்னையில் 'தினமணி' நாளிதழில் வேலை கிடைத்தது. குடும்பம் திருவல்லிக்கேணியில் குடியேறியது. படிப்பைவிட நடிப்பிலே நாட்டங்கொண்ட மகன் ஸ்ரூடியோ வாசல்களை நாடத் தொடங்கினார். மணிக்கொடி எழுத்தாளர் பி. எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி' என்ற படத்தில் 1947இல் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் பெரும்பாலும் பட்டினிதான். அவ்வப்போது தலைகாட்டும் வேடங்கள் வரும், போகும். அந்நாட்களில் சி. ஆர். சுப்பராமனிடம் உதவியாளராக இருந்த எம். எஸ். விசுவநாதனிடம் பாடிக்காட்டப் போய், சந்திரபாபு ஒரு சிங்களப் பாட்டைப் பாடினார் என்றும், இவருக்குப் பாட வராது என்று விசுவநாதன் தள்ளிவிட்டார் என்றும் திரையுலகில் ஒரு கதை உண்டு. அதே விசுவநாதன்தான் பின்னாளில் அந்தக் குரலுக்கென்றே மெட்டுக்கள் அமைத்தார். சந்திரபாபுவின் இணைபிரியா நண்பருமானார்.

இனி, வாசகர் கேட்ட கேள்வியின் கசப்பான பகுதிக்கு வருவோம்.

1952ஆம் ஆண்டு. ஜெமினி ஸ்ரூடியோவின் அதிபர் எஸ். எஸ். வாசனைச் சந்திக்கப் பலமுறை முயன்றும் முடியாமற்போன சந்திரபாபு, மனமுடைந்து அந்த ஸ்ரூடியோவிலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறைந்திருக்கவில்லை. அங்கே நடிகர் தேர்வுப் பகுதியில் வேலைபார்த்த கணேசன் என்ற இளைஞர் அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்துக் காப்பாற்றினார் என்பர். ஜெமினி கணேசன் என்று பின்னாளில் நாடறிந்தவர் அவரே.

உயிர் பிழைத்தவரைப் பொலிசார் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். தற்கொலை முயற்சி அப்போது இந்தியச் சட்டப்படி குற்றம். இலங்கையிலும் அப்படித்தான் இருந்தது. இங்கே 1998இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று நீதிபதி கேட்டபோது, சந்திரபாபு ஒரு நெருப்புக்குச்சியைக் கொளுத்தித் தமது கையிலே வைத்துக்கொண்டாராம். நான் கையைச் சுட்டுக்கொண்டது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அந்த வேதனை எனக்கல்லவா தெரியும் என்ற பொருளில் விடையளித்தாராம். நீதிபதி அவரைத் தண்டிக்காமல் விடுவித்தார். இதைச் சிலர் ஒரு நடிகனின் சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டினியும் புறக்கணிப்பும் ஒருவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சட்டப் புத்தகத்துக்கு முன்னே சொல்லிக்காட்ட அந்த வாலிபனுக்கு வேறு மொழி இருக்கவில்லை.

நாம் திருச்சபைக்காரர், நமது பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1952இல் நடைமுறையிலிருந்தது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. தெரிந்து துணிந்து தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்படவேண்டும் என்று அதில் இருந்தது. அன்றைக்கு அவர் இறந்திருந்தால், அன்னையின் அடிமை என்று பெயரிடப்பட்ட பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தின் கதவு அடைபட்டிருக்கலாம். 1983ஆம் ஆண்டுப் புதிய சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. அப்படிப்பட்டவர்களுடைய மனத்தின் இருளையும் அச்சத்தையும் அறிந்தவர் இறைவன் ஒருவரே என்று திருச்சபை இன்று கற்பிக்கிறது, அவர்களுக்காகச் செபிக்கிறது. ஆயினும் நம் ஊர்களில், இப்படி ஒரு துயரம் நேர்ந்த வீட்டை ஒதுக்கிவைத்துப் பேசும் வழக்கம் முற்றாக மறையவில்லை. சந்திரபாபுவைப்பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லுவது என்று கேட்ட வாசகர், முதலில் இதைச் சொல்லலாம். அவர் காப்பாற்றப்பட்டார். காப்பாற்றப்பட்டதனால்தான் மூன்று தலைமுறைத் தமிழர் அவரைக் கேட்டுச் சிரிக்க முடிந்தது. உங்கள் வீட்டிலோ அயலிலோ யாராவது அவ்வாறு மனமுடைந்திருக்கக் கண்டால், கணேசன் செய்ததைப்போல ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். புத்திமதி பிறகு சொல்லலாம்.

அந்த நிகழ்ச்சிக்குப்பின் வாசனே தமது 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வாய்ப்பளித்தார். கதவு திறந்தது. அதன்பின் பத்து ஆண்டுகள் சந்திரபாபுவுக்கு ஏறுமுகம்.

அவருடைய குரலைத் திரையுலகம் முதலில் இரவல் கேட்டது. 1954இல் ஏவி.எம். எடுத்த 'பெண்' படத்தில், பிற்காலத்தில் வீணை வித்துவானாக உலகப்புகழ் பெற்ற எஸ். பாலசந்தர் கலியாண ஆசையில் துள்ளிப் பாடும் ஒரு பாட்டு வரும். திரையில் வாயசைப்பவர் பாலசந்தர், குரல் சந்திரபாபுவுடையது. பாட்டு ஊரெல்லாம் பரவியது. அதுவரை தமிழ்ப் படங்களில் நகைச்சுவைப் பாட்டென்றால் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வழியில் கிராமியச் சாயலோடும் சிறிது புத்திமதியோடும் இருக்கும். சந்திரபாபுவின் குரலிலோ பட்டணமும் கப்பல் துறையும் மேல்நாட்டு நடன மண்டபமும் இருந்தன. ஆயினும் அது அந்நியமாகப் படவில்லை. காரணம், அவர் சொற்களை ஒருநாளும் கடித்துத் துப்பவில்லை. மெட்டு எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தெளிவாகக் காதில் விழும். இன்று பாடுகின்ற நம் இளைஞர்கள், ஆலயப் பாடற்குழுவினர் உட்பட, இதை ஒருமுறை உற்றுக் கேட்டால் நல்லது.

பிறகு அவர் தாமே நடித்துத் தாமே பாடலானார். 1957இல் 'புதையல்' படத்தில், காதலியின் பின்னால் அலையும் ஓர் அப்பாவி தன் உடலும் உயிரும் எல்லாம் அவளுக்கே என்று முறையிடும் பாட்டைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார். விசுவநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்தார்கள். 1959இல் 'மரகதம்' படத்தில் ஜமுனாராணியோடு அவர் பாடிய குங்குமப்பூப் பாட்டுக்கு எஸ். எம். சுப்பையா நாயுடு இசை. அந்தப் பாட்டு ஒலிக்காத கலியாண வீடு அக்காலத்தில் தமிழ்நாட்டிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை என்று சொன்னால் மிகையாகாது. இலங்கை வானொலி அதைத் தேயவிட்டது என்றே சொல்லவேண்டும்.

அதே 1959இல் ஏவி.எம். நிறுவனத்தின் 'சகோதரி' படம் எடுத்து முடித்தபின் போட்டுப் பார்த்ததில், கண்ணீர் மட்டும் மிகுந்து படம் சோர்ந்து கிடந்தது. மெய்யப்பச் செட்டியார் சந்திரபாபுவை அழைத்தார். சந்திரபாபு பால்காரன் ஒருவனைப் பாத்திரமாக்கித் தாமே நகைச்சுவைப் பகுதியைச் சிந்தித்து அமைத்து, நடித்து, பாடிக் கொடுத்தார். படம் வென்றது. தன்னை முட்டாள் என்று தானே ஒப்புக்கொள்ளும் அந்தப் பால்காரனின் பாட்டை இன்றும் பாட்டனாரும் பேரனும் சேர்ந்தே பாடுகிறார்கள்.

நடிகர் என்ற வகையில் அவருடைய உச்சம் 1958இல் வந்த 'சபாஷ் மீனா'. கதாநாயகன் சிவாஜி கணேசன். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். படித்த, கூச்ச சுபாவமுள்ள வாலிபன் ஒருவன். சென்னைச் சேரியின் ரிக்க்ஷாக்காரன் மற்றவன். இரண்டாமவன் பேசும் சென்னைத் தமிழை அதற்குமுன் அவ்வளவு உயிரோடு எவரும் திரையில் பேசியதில்லை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவருக்கு அந்தப் பேச்சு எப்படிக் கைவந்தது? வேலையில்லாமல் தெருத்தெருவாய் அலைந்த ஐந்து ஆண்டுகள் கற்றுக்கொடுத்த பாடம் அது என்று நாம் நினைக்கிறோம். அந்தப் படத்தில் நடிக்கச் சிவாஜியின் சம்பளத்தைவிட ஒரு ரூபா கூடுதலாகக் கேட்டார் என்றும் சொல்லுவார்கள். இந்தி மொழியில் அதே கதை 1962இல் 'தில் தேரா தீவானா' என்று வந்தபோது, அவர் வேடத்தை ஏற்ற மெஹ்மூத் அதற்காகப் பிலிம்பெயர் விருது பெற்றார். மூலத்தைச் செய்தவருக்கு அப்படியொரு விருது கிடைக்கவில்லை.

அவர் உடலைப்பற்றியும் சொல்லவேண்டும். மெல்லிய தேகம். இரப்பரைப்போல வளைவார். நின்ற நிலையிலேயே பின்புறமாக விழுவார், எழுவார். மேசையில் தாவிச் சுவரில் மோதித் தரையில் உருளுவார். சார்லி சப்ளினை அவர் மிக நேசித்தார் என்பது பார்த்தாலே தெரியும். ஆனால் சப்ளினைப் போலிசெய்தவர்கள் தொப்பியையும் தடியையும் எடுத்துக்கொண்டார்கள். சந்திரபாபு எடுத்துக்கொண்டது அந்த முகத்திலுள்ள துயரத்தை. அவர் மிகவும் சிரிக்கவைக்கும் இடங்களில் கண்ணைப் பாருங்கள். அது சிரிக்காது.

புகழின் உச்சியிலேயே முதல் அடி விழுந்தது. 1958இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமான சிறிது காலத்திலேயே, தான் வேறொருவரை விரும்பியிருந்ததை மனைவி அவரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். சந்திரபாபு கோபிக்கவில்லை, தூற்றவில்லை. அந்தப் பெண் விரும்பிய இடத்துக்கே போக வழிசெய்து அனுப்பிவைத்தார். பின்னர் மறுமணம் செய்துகொள்ளவுமில்லை. 1981இல் வந்த 'அந்த 7 நாட்கள்' என்ற படத்தின் கதைக்கு இந்த நிகழ்ச்சியே கருவாக அமைந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. திருமணம் என்ற திருவருட்சாதனம், மனச் சம்மதம், சம்மதக் குறைபாடு என்று திருச்சபைச் சட்டம் படித்தவர்கள் இதில் பல கேள்விகளை எழுப்பலாம். அவற்றுக்கு இது இடமன்று. ஒரு பெண்ணை நாற்சந்தியில் நிறுத்திக் கல்லெறிய அவருக்கு எல்லா உரிமையும் இருப்பதாக ஊர் சொன்னபோது, அவர் கல்லைக் கையில் எடுக்கவில்லை. அந்த இடத்தில் அவர் நம்மில் பலரைவிட நல்ல கிறிஸ்தவராக நடந்துகொண்டார் என்பதே நம் எண்ணம். ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை. தனிமையில் மது துணைக்கு வந்தது. பின்னர் நோவைத் தணிக்கும் பெதடின் ஊசியும் வந்தது. முதலாவதை எல்லோரும் அறிவோம். இரண்டாவது, உடல் நோவுக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்து; மனநோவுக்கு அதை எடுக்கத் தொடங்கியவர் அதன் அடிமையாகிவிடுவார்.

அவரிடம் இன்னொரு குணமும் இருந்தது. யாருக்கும் வளையமாட்டார். திரையுலகில் பெரியவர்களை அண்ணன் என்றும் ஐயா என்றும் குனிந்து அழைக்கும் வழக்கம் இருந்தபோது, அவர் எல்லோரையும் பெயர் சொல்லியே அழைத்தார். மனதில் பட்டதைப் பத்திரிகைப் பேட்டியிலும் அப்படியே சொன்னார். இதைச் சிலர் நேர்மை என்பர், சிலர் தலைக்கனம் என்பர். இரண்டும் இருந்தன என்றே நாம் கருதுகிறோம். குரலுக்குப் பாட வராது என்றபோது அதை மாற்றிக்கொள்ளாத அதே பிடிவாதம்தான் அவரைக் கலைஞனாக்கியது; மனிதர்களோடு பழகும்போது அதுவே பகையையும் தேடித்தந்தது. கவிஞர் கண்ணதாசன் 1960இல் 'கவலை இல்லாத மனிதன்' என்ற படத்தைச் சந்திரபாபுவைக் கதாநாயகனாக வைத்துத் தயாரித்தார். படம் தோற்றது, கவிஞர் கடனில் விழுந்தார். படப்பிடிப்புக்கு அழைத்துவரத் தாம் வீட்டு முன்கூடத்தில் காத்திருக்கையில், சந்திரபாபு பின்வழியாகப் போய்விட்டதைக் கண்ணதாசன் வேதனையோடு எழுதியிருக்கிறார். அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. கலைஞனின் குணம் என்று எதையும் மன்னித்துவிடுவது காத்திருந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் அந்தத் தோற்ற படத்திலிருந்துதான் அவருடைய ஆழமான பாட்டு வந்தது. மனிதன் பிறக்கையிலும் இறக்கையிலும் அழுவதைப்பற்றிக் கண்ணதாசன் எழுதியது. 1965இல் இந்திய பாகிஸ்தான் யுத்தத்தையொட்டி எல்லைப்புறத்துப் படைவீரரை மகிழ்விக்கச் சென்ற கலைஞர்களுக்குக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் தமது மாளிகையில் விருந்தளித்தார். அங்கே சந்திரபாபு இந்தப் பாட்டைப் பாடினார். தத்துவப் பேராசிரியரான தலைவர் நெகிழ்ந்து பாராட்டினார். உடனே சந்திரபாபு ஓடிப்போய் அவர் மடியிலே உட்கார்ந்து, தாடையைத் தடவி, நீரல்லவோ இரசிகர் என்று கொஞ்சினாராம். கூடியிருந்தோர் திகைத்துப்போனார்கள், தலைவர் குழந்தையைப்போலச் சிரித்தாராம். பேரரசின் கையால் வீடிழந்து கொழும்புக்கு ஓடிவந்த குடும்பத்தின் பிள்ளை, அந்தப் பேரரசின் அரசப் பிரதிநிதி குடியிருந்த அதே மாளிகையில் சுதந்திர நாட்டின் தலைவர் மடியில் இருந்தது. தந்தையார் ரொட்ரிகஸ் பட்ட பாட்டுக்கு வேறு பரிசு வேண்டுமா என்று நமக்குத் தோன்றுகிறது.

அதன்பின் இறக்கந்தான். எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாகக்கொண்டு 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தாமே தொடங்கினார். சிறிது எடுத்தபின் படம் நின்றது. யார் மேல் தவறு என்று இரு பக்கத்தாரும் இரு விதமாகச் சொல்லுவார்கள். இருவரும் காலமாகிவிட்ட பின்னர் அந்த வழக்கை நாம் விசாரிக்கவேண்டாம். போட்ட பணம் போனது. சென்னையில் அவர் ஆசையாகக் கட்டத் தொடங்கிய வீடும், மாடிவரை மோட்டார் வண்டி ஏறிப்போகும்படி அமைத்த வீடென்பார்கள், கடனில் கைவிட்டுப் போனது. படத்தின் பெயரே அவருக்குப் பலித்துவிட்டது என்று ஊர் பேசியது.

இருந்ததையெல்லாம் திரட்டி 1966இல் தாமே எழுதி இயக்கி, சாவித்திரியோடு நடித்து ஒரு படத்தை வெளியிட்டார். 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று அதற்குப் பெயர் வைத்தார். அது மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்திலுள்ள ஆண்டவரின் வார்த்தை என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். எத்தனையோ கவர்ச்சியான பெயர்கள் இருக்க, வீழ்ச்சியின் விளிம்பில் நின்ற ஒருவர் ஏன் நற்செய்தியைப் புரட்டினார்? ஜெமினியின் வாசலில் தட்டித் தட்டிச் சோர்ந்த அந்த நாளை அவர் மறந்திருக்கமாட்டார். படம் ஓடவில்லை. ஆனால் சிறு வயதில் கேட்ட மறைக்கல்வி எங்கோ உள்ளே கிடந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

கடைசி ஆண்டுகளில் நண்பர்கள் குறைந்தார்கள், வேடங்கள் குறைந்தன. நாகேசின் காலம் வந்துவிட்டது. எம்.ஜி.ஆரின் 1969ஆம் ஆண்டு 'அடிமைப் பெண்' போன்ற சில படங்களில் மாத்திரம் அவரைக் காணமுடிந்தது. பல நாட்கள் விசுவநாதன் வீட்டில் உண்டார் என்பர். பாட வராதென்று தள்ளிய அந்த மனிதரே கடைசிவரை கைவிடாத நண்பராய் இருந்தார்.

1974ஆம் ஆண்டு மார்ச் மாதம், தமது நாற்பத்தாறாவது வயதில் சந்திரபாபு சென்னையில் காலமானார். நாற்பத்தாறு! இந்தப் பத்தியை எழுதும் நமக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவர் விட்டுச்சென்ற சொத்து என்று எதுவுமில்லை. தமது உடல் சிறிது நேரமாவது விசுவநாதனின் வீட்டில் வைக்கப்படவேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பமாக இருந்ததாகவும், விசுவநாதன் அதை நிறைவேற்றியதாகவும் சொல்லப்படுகிறது. பின்னர், புனித தோமையாரின் கல்லறை அமைந்த சாந்தோமுக்கு அண்மையில், குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். 1952இல் அடைபட்டிருக்கக்கூடிய கதவு, இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் திறந்தே இருந்தது. சென்னைக்குப் போகும் நம் வாசகர்கள் சாந்தோம் ஆலயத்தைத் தரிசித்தபின் அந்தப் பக்கமாகவும் சற்று நடந்துபோய், பனிமயதாசனுக்காக ஒரு செபம் சொல்லலாம்.